கேமரன் மலைக்குப் போகாத ஹனிமூன்

என்னங்க,

நம் மகனும் மருமகளும் கேமரன் மலைக்கு ஹனிமூன் போய்விட்டு நேற்றுதான் கூலாய்க்குத் திரும்பினார்கள். எனக்கு ஒரு போத்தல் தேன். உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். வாசனையோடு பழைய கோபமும் வந்துவிட்டது.

"நீங்க ஹனிமூனுக்கு எங்க போனீங்க அத்தை?" என்றாள் மருமகள்.

கல்யாணமான வாரமே பெட்டி கட்டியவள் நான். கேமரன் குளிருக்கென்று மஞ்சள் ஸ்வெட்டர் வேறு. நீங்களோ சிங்கப்பூர் வேலையிலிருந்து வந்து, லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பாடம் நடத்தினீர்கள்.

"ஹனிமூன்னா ஊரு இல்லம்மா. ஹனின்னா தேன், மூன்னா நிலா. புதுசுல தேனா இனிக்கும், அப்புறம் நிலா மாதிரி தேஞ்சிடும்னு அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கிண்டலா வச்ச பேரு. ஊரு சுத்துறதெல்லாம் பின்னால வந்தது லா."

"அப்ப இந்த ஸ்வெட்டரு?"

அதற்கும் வழி வைத்திருந்தீர்கள். மழை விட்டதும் ஸ்வெட்டரை மாட்டச் சொல்லி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, செம்பனைக் காட்டு வழியே பண்டார் தெங்காரா டவுன் வரை ஓட்டினீர்கள்.

"குளிருதா?"

"குளிருது."

"அவ்வளவுதான், கேமரன் வந்தாச்சு!"

சிரித்த சிரிப்பில் நான் கீழே விழாததே பெரிது. அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில். "நாமதான் இன்னும் போகவே இல்லையே, அப்புறம் எப்படித் தேயும்? போனாத்தான் ஆபத்து."

இதையெல்லாம் நான் சொன்னதும், "அப்பா நல்லா கதை விட்டிருக்காரு" என்றான் மகன். மருமகள் போனில் தேடினாள். "அலமாக்! மாமா சொன்ன அர்த்தம் சரிதான்!" இத்தனை வருடமும் புளுகென்று நினைத்துச் சண்டை போட்டேன். உண்மையைச் சொல்லியே ஒருத்தியை ஏமாற்ற உங்களால்தான் முடியும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் என்னைக் கேமரனுக்கு அழைத்துப் போகிறார்களாம். முட்டி வலி என்று மறுத்துவிட்டேன். முட்டிக்கு ஒன்றுமில்லை. போய்விட்டு வந்தால் நம்முடையதும் தேய ஆரம்பித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் போன பிறகு எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.

இன்று சாயங்காலம் மழை விட்டது. அந்த ஸ்வெட்டரைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். கை மட்டும்தான் கொஞ்சம் இறுக்கம்.

"காய்ச்சலா அத்தை?" என்று பதறி ஓடிவந்தாள் மருமகள்.

"இல்லம்மா, கேமரன் வந்தாச்சு" என்றேன்.