ரீத்தா, பையை எடுத்துவிட்டார்கள்

என் செல்லத் தங்கச்சி ரீத்தாவுக்கு,

குடலைத் திரும்ப உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். புற்றுநோய்க் கட்டியை வெட்டியபோது வயிற்றில் துளை போட்டு மலம் சேர ஒரு பையை ஒட்டினார்களே, எட்டு மாதம் நீ முகம் சுளிக்காமல் மாற்றிவிட்டாயே, அது போய்விட்டது. அதற்கு முன் நீ போய்விட்டாய். மாரடைப்பு வர இந்த நேரம்தானா கிடைத்தது உனக்கு?

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் தனியாளாக என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? கட்டிலைக் கழிவறைப் பக்கம் இழுத்துப் போட்டேன். கஞ்சியைச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்கினேன். "வீட்டுல கூட யாரு இருக்கா?" என்று தாதி கேட்டபோது, "தங்கச்சி இருக்கா" என்று வாய் சொல்லிவிட்டது. திருத்த மனம் வரவில்லை.

குடல் மறுபடி பழக மாதக்கணக்காகும், அடக்க வராது, காரம் தொடாதே என்றார் டாக்டர். பாதியைத்தான் நம்பினேன். இப்போது தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பதினைந்து முறை ஓடுகிறேன். தோலெல்லாம் புண். உட்காரவும் முடியவில்லை.

பையைப் பற்றி உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது அல்லவா? கோயிலில் ஹெர்னியா ஆப்பரேஷன் என்று புளுகியிருந்தேன். போன சனிக்கிழமை ஜெபக்குழு வீட்டுக்கே வந்துவிட்டது. ரெம்பியாவிலிருந்து ஸ்டெல்லா அக்கா ஃபிளாஸ்க் நிறைய விரால் மீன் சூப் கொண்டுவந்தார், மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டு. ஆப்பரேஷன் ஆனவளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்களே நம்மவர்கள்?

"ஹாருவான் மீன் சூப்பு குடிம்மா, புண்ணு சீக்கிரம் ஆறிரும்லா."

"டாக்டர் காரம் வேணாம்னாரு, அக்கா."

"ஹெர்னியாவுக்கு என்ன காரம்? குடி."

என் பொய்யே என் வாயை அடைத்துவிட்டது. குடித்தேன்.

பிறகு ஜெபமாலை. ஹாலில் ஒன்பது பேர் முழந்தாளிட்டார்கள், எனக்கும் கழிவறைக்கும் நடுவில். பாதி ஜெபத்தில் வயிறு கலங்கியது. நடுவில் எழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. அறுபது வயதில், நனைந்த கைலியோடு அத்தனை பேர் கால்களையும் தாண்டிப் போனேன், ரீத்தா. யாரும் ஜெபத்தை நிறுத்தவில்லை. குரலைத்தான் கொஞ்சம் உயர்த்தினார்கள்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். அவர்கள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் உடம்பைக் கழுவினேன். துண்டு இல்லை. "ரீத்தா, துண்டு கொண்டா" என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்.

வெளியே யாரோ நிற்பது தெரிந்தது.

"ரீத்தா இல்லம்மா. நான் ஸ்டெல்லா அக்கா. துண்டு எங்க இருக்கு, சொல்லு."

"வேணாம், நீங்க போங்க."

துண்டைத் தேடியெடுத்துக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, ஹாலையும் துடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இன்று மத்தியானம் தனியாக வருகிறாராம். என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறார். பையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. புண்ணுக்கு மருந்து தடவிவிடவும் கேட்பேன். உன் கை மட்டுமே தொட்ட உடம்பில் இன்னொருவர் கை படுவதை எப்படித் தாங்குவேன் என்றுதான் தெரியவில்லை.

இன்னமும் உனக்கு அக்காவாகவே இருக்கும்,
ஜெயமேரி
தங்கா பத்து