பெரட்டு கலைந்த பிறகு

வெள்ளைக்கல் தோட்டம், கீழ்ப்பிரிவு,
கந்தப்பளை.
ஞாயிறு, பெப்ரவரி 9.

திலக்ஷனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி வெட்டினேன். வெட்டியது அசிங்கமாகத் தெரிந்தது. வேறு தாள் எடுத்தேன். இது அந்த வேறு தாள்.

நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம். அம்மா நலமில்லை. இடுப்பில் வைத்த கம்பி குளிருக்கு இழுக்கிறது. வெளியே போய்வர ஒரு கையில் தடி, மறு கையில் பக்கத்து வீட்டு றோசலின் அக்கா. நான் டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு. நீ நலமாக இருக்கிறாய். பார்த்தேன்.

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து வைத்துத்தான் வாங்க வேண்டும். நான் அனுப்பிய பதினொரு செய்திகளைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தவன், இதைக் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சர்மிளா என்ற மாணவி கைப்பேசியை நீட்டினாள். "டீச்சர், இந்த அண்ணா நம்ம தோட்டத்து ஆளாம். இங்கிலீஷ் வேர்ட்ஸ் பத்தி பேசுறாரு. சூப்பரா இருக்கு" என்றாள். அறைக்குள் ஏழு பிள்ளைகள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். உனக்குப் பிடித்த பத்து விசித்திரமான ஆங்கிலச் சொற்கள். நீலச் சட்டை. பின்னால் புத்தக அலுமாரி. புத்தகங்கள் உன்னுடையவையா?

பத்தில் ஆறு நான் உனக்குத் தந்தவை.

அப்ரிசிட்டி. குளிர்கால வெயிலின் இளஞ்சூடு. ஒரு தை மாதம் காலை பத்து மணிக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் இரண்டாவது படியில் வைத்துத் தந்தேன். ஒரு சொல்லைத் தருகிறவர் அதற்குத் தோட்டத்தில் ஓர் இடமும் காட்ட வேண்டும், இடமில்லாத சொல் செல்லாது என்பது விதி. விதி போட்டவன் நீ. குரோக். பிறர் சாப்பிடும்போது நமக்கும் கிடைக்குமா என்று பேசாமல் பார்த்துக்கொண்டே இருத்தல். மலைக்குப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு அந்தப் பெயரையே வைத்தோம். வீடியோவில் அது உன் அலுவலக நண்பன் ஒருவனாகிவிட்டது. அப்ஸ்குவாட்டுலேட். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடுதல். அதை உச்சரிக்கும்போது உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சொற்கள் யாருக்கும் சொந்தமில்லை. ஆறையும் வைத்துக்கொள். பத்தாவதுக்காகத்தான் எழுதுகிறேன்.

பத்தாவது, பெரட்டு. இது ஆங்கில அகராதியில் இல்லாத ஆங்கிலச் சொல் என்று பீடிகை போட்டாய். பிறகு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று முறை திரும்பப் போட்டுக் கேட்டேன். "பரேடத்தான் எங்க ஆளுங்க பெரட்டுன்னு ஆக்கிட்டாங்க. வெள்ளன ஆறரைக்கு எல்லாரும் களத்துல வரிசையா நிப்பாங்க. கங்காணி பேர் கூப்பிடுவாரு. பேர் போட்டாச்சுன்னா வேலை தொடங்கிருச்சுன்னு அர்த்தம். அதுதாங்க பெரட்டு." பிறகு சிரித்தாய். நாலாயிரம் பேர் உன்னோடு சிரித்திருக்கிறார்கள்.

பேர் போட்டாச்சுன்னா வேலை தொடங்கிருச்சுன்னு அர்த்தம்.

இந்த ஒரு வரியைத்தான் டிசம்பரிலிருந்து உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தரவில்லை. நாலாயிரம் பேருக்குத் தந்தாய். பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். கரும்பலகையை அழித்தேன். எழுத்தே இல்லாத இடத்தையும் அழித்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரியும். இருந்தாலும் தெரியாதவனைப் போல ஒரு முறை படி.

செப்டெம்பர் மாதம். இரவெல்லாம் மழை. காலையில் பெரட்டுக் களத்தில் சோலைமலை கங்காணி காளியாயி என்று அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். அம்மா 'ஆ' என்றாள். ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து. கூடையை மாட்டிக்கொண்டு களத்திலிருந்து மேலே ஏறும் படியில் மூன்றாவதில் வழுக்கினாள். பாசி. நாலு பெண்கள் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அன்றைய செக்ரோல் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இருந்த குறியை மத்தியானத்துக்குள் யாரோ அடித்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு நீ வந்தாய். வேலையில் விழுந்ததற்கான நட்டஈட்டு விசாரணைக்கு அம்மாவின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். டவுன் மொழிபெயர்ப்பாளரிடம் போகலாம் என்றாள் அம்மா. நான்தான் விடவில்லை. அந்த மனிதர் பிழை விடுவார், திலக்ஷன் இருக்கிறான், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன், புது சீல் வைத்திருக்கிறான் என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. கட்டிலில் சாய்ந்தபடி அம்மா சொன்னாள்: "பெரட்டு கலைஞ்சு மலைக்கு ஏறுறப்ப வழுக்கி விழுந்துட்டேன் தம்பி." மடிக்கணினியில் நீ தட்டினாய். நானுஓயாவில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். றோசலின் அக்கா வீட்டில் அச்சிட்டு, சீல் வைத்துத் தந்தாய். அம்மா தட்டில் வைத்திருந்த ரொட்டியை நின்றபடி தின்றாய்.

நானும் படித்தேன். எனக்கும் உறைக்கவில்லை. அழகான ஆங்கிலம். 'பரேட் கலைந்த பிறகு ஒரு குன்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கியது.' பெரட்டு என்றால் பரேட். மலை என்றால் குன்று. ஒவ்வொரு சொல்லும் சரி. வாக்கியம் பொய். எங்கள் மலை தேயிலை மலை, வேலை செய்யும் மலை என்பது அந்தத் தாளில் எங்கே இருக்கிறது?

டிசம்பர் விசாரணையில் என்னை வெளியே வாங்கில் உட்கார வைத்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. அதிகாரி உன் தாளைப் படித்தார். பிறகு அம்மாவிடம் சிங்களத்தில், "கொய் பெரஹரத, அம்மே?" என்று கேட்டார். எந்த ஊர்வலம், அம்மா? பரேட் என்று படித்த மனிதருக்கு ஊர்வலம் தோன்றியிருக்கிறது. அம்மாவுக்கு அந்தச் சொல் பெரட்டு என்று கேட்டிருக்கிறது. தான் சொன்னதை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று அவளுக்குச் சந்தோஷம். சத்தமாகவே சொன்னாள். "ஔ மாத்தியா, பெரட்டு, பெரட்டு!" ஆமாம் ஐயா என்று.

தோட்டத் தரப்பு ஆள் உடனே எழுந்தான். அந்தக் கிழமை பக்கத்துத் தோட்டத்தில் தேர் என்றான். அது உண்மை. தேர் பார்த்துவிட்டு வரும் வழியில் விழுந்தவர் என்றான். அதிகாரி எழுதிக்கொண்டார்.

உள்ளே ஓடினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசினேன். அவர் கெட்ட மனிதரில்லை. நாற்காலி போட்டார். தண்ணீர் தந்தார். வாயால் சொல்வதை வைத்துச் சீல் வைத்த தாளை மாற்ற முடியாது மகள், சீல் வைத்தவர் எழுதித் தரட்டும் என்றார். பெப்ரவரி இருபத்துநாலாம் திகதி கோப்பை மூடுவார்கள். திருத்தம் வராவிட்டால் அம்மா வேலையில் விழவில்லை. வேலையில் விழாதவள் ஐந்து மாதம் வேலைக்கு வரவில்லை. வராதவளின் பெயரை வெட்டலாம். அப்பா போன பிறகு தோட்டப் பதிவில் எங்கள் வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு பெயர். அது போனால் லயத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்தக் காம்பராவும் போகும். அம்மாவைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன் என்று நீ யோசித்தாயா?

சோலைமலை கங்காணியிடம் போனேன். "நான் பேர் கூப்பிட்டது சத்தியமா உண்ம புள்ள. அவ 'ஆ'ன்னதும் உண்ம. ஆனா தொர முன்னால வந்து சொல்லச் சொல்லாத. எனக்கும் ஒரு காம்பரா இருக்குல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். குடிக்கவில்லை.

பிறகுதான் உன்னை அழைத்தேன். நீ சொன்னதும் எனக்கு மனப்பாடம். "பரேட்னா பரேட்தான் தனு. அகராதிய எடுத்துப் பாரு. நான் பிழையா எழுதல. சீல் வச்சதுல பிழைன்னு நானே எழுதிக் குடுத்தா என்னோட லைசன்ஸ் என்னாகும்?" அத்தோடு நிற்கவில்லை. "நீ டென்ஷன் ஆகாத" என்றாய்.

ஆகவில்லை, திலக்ஷன். டென்ஷன் என்ற சொல் போதாது.

இங்கே நிறுத்திவிட்டு அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்தேன். வெயில் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சொல் கண்டுபிடித்தேன். உனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். பழக்கம். மம்ப்சிமஸ். ஒரு பாதிரியார் பூசையில் ஒரு லத்தீன் சொல்லை முப்பது வருடமாகப் பிழையாகச் சொல்லி வந்தாராம். திருத்தினார்களாம். உங்கள் புதுச் சொல்லுக்காக என் பழைய சொல்லை விடமாட்டேன் என்றாராம். அன்றிலிருந்து பிழை என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தப் பிழையே பெயர். உன்னை நினைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன். இல்லை. நீ பிடித்துக்கொண்டிருப்பது பிழையில்லை. சரியான சொல். சரியான சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷியைக் கைவிடுகிறவனுக்கு என்ன பெயர்? தேடினேன். ஆங்கிலத்தில் இல்லை. தமிழில் இருக்கிறது, எழுத மாட்டேன்.

என்னையும் சேர்த்துத்தான் கோபம். பெரட்டு பரேடிலிருந்து வந்தது என்று உனக்குச் சொன்னதே நான். பேராதனையில் இரண்டாம் வருடம், நூலகப் படியில். நம் அம்மாமார் தினமும் பரேட் போகிறார்கள், கொடி இல்லை, பாண்டு வாத்தியம் இல்லை, கூடைதான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தவர்களைப் போல. நாம் கண்டுபிடித்ததெல்லாம் வெள்ளைக்காரன் சொன்னதை. அந்தச் சொல்லை நூறு வருடம் வாயில் போட்டு, மழையில் நின்று, வேறொன்றாக மாற்றியது அம்மாமார். அதற்குப் பொருள் அவர்கள் வைத்தது. அதைத்தான் நீ அழித்துவிட்டுப் பழைய சொல்லைத் திருப்பி எழுதினாய். நான் வாசித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன்.

இனி விஷயம்.

உன் வீடியோவை இறக்கி வைத்திருக்கிறேன். எப்படி என்று சர்மிளா சொல்லித்தந்தாள். அதை அந்த அதிகாரிக்குப் போட்டுக்காட்டலாம். அம்மாவின் தாளில் சீல் வைத்தவனின் வாயே, பெரட்டு என்றால் வேலை தொடங்கியதாக அர்த்தம் என்று சிரித்துக்கொண்டு சொல்கிறது. தெரிந்தே திருத்த மறுத்தாய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதன் பிறகு உன் சீலுக்கு என்ன ஆகும் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். கைதட்டுவாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏன்டி, பேர் வெட்டுறதுன்னா என்னான்னு நமக்குத் தெரியும்ல. அத இன்னொரு புள்ளைக்கு செய்யச் சொல்றியா?" என்றாள். அவன் உனக்குச் செய்தானே என்று கத்தினேன். றோசலின் அக்கா எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். "அது தெரியாம செஞ்சிச்சு" என்றாள் அம்மா. முதலில் தெரியாமல், இப்போது தெரிந்து என்றேன். "அப்ப நீயும் தெரிஞ்சு செய்யப் போறியாக்கும்" என்றாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, காட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். சத்தியம் பண்ணவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நீ எழுத வேண்டியது பெரிதில்லை. பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை தொடங்கும் இடமும் நேரமும். மலை என்பது கொழுந்து பறிக்கும் தேயிலைக் காணி. காளியாயி விழுந்தது வேலை நேரத்தில். கீழே உன் பெயர், உன் சீல். இருபதாம் திகதிக்குள் என் கையில் கிடைக்க வேண்டும். பிழை விட்டேன் என்று எழுத வேண்டாம். இந்தச் சொல்லுக்கு இங்கே வேறு பொருள் என்று எழுது. அது உண்மையும்கூட. அதிலும் உனக்குக் குறைவு வருமென்றால், நாம் பதினொரு வருடம் சேர்த்தது எதுவும் சொற்கள் இல்லை.

இருபதாம் திகதி வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. மிரட்டவில்லை. உண்மையிலேயே தெரியாது. அம்மாவின் தலையைத் தொட்ட கை ஒன்று. கைப்பேசி இருக்கும் கை இன்னொன்று. என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதே.

கடிதம் யாருக்கு என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். சொன்னேன். கோபமாக எழுதாதே என்றாள். தாமதம்.

ஒன்று மட்டும் கட்டாயம் எழுதச் சொன்னாள். எனக்கு இன்னும் அந்த மனம் வரவில்லை. அவளுக்காக எழுதுகிறேன். "தம்பி எங்க இருந்தாலும் நோய் நொடி இல்லாம, பேரோட புகழோட நல்லா இருக்கணும்."

எழுதிவிட்டேன். இனி நீ எழுது.

தனுஷிகா