காம்பு மட்டும் விட்ட கிளைகள்

அன்புள்ள சீனியருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கல்யாணமான பிறகும் உங்களை இப்படிக் கூப்பிடுகிறேன் என்று அத்தை இன்னும் சலித்துக்கொள்கிறார். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மற்றதைப் போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதி, கூரியரில் அனுப்புகிறேன்.

என் மாமரம் புது ரகத் தேர்வுக் குழுவின் முன் போகும் நாள் நெருங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து நான் வளர்த்த ஒரே மரம். தாமதமாகப் பழுத்து, பறித்த பிறகும் அழுகாமல் கிடக்கும் பழம். குழு ஏற்றுக்கொண்டால் ரகம் என் பெயரில் வெளிவரும், வேலையும் நிரந்தரமாகும். அதற்குள் வேறு யாராவது கன்று போட்டு விற்றுவிட்டால், திருடியவள் நான்தான் என்பார்கள்.

நேற்று மரத்தடிக்குப் போனேன். உச்சியில், நல்ல கிளை நுனிகளில் மட்டும் இலை இல்லை. பூச்சி அரித்திருக்கும் என்றார் காவல்காரர். எந்தப் பூச்சி இலையை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் ஒரே அளவில் விட்டுவைக்கும்? ஒட்டுக்கட்டக் குச்சி எடுக்கப்போகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். அப்படி நறுக்கினால் பத்து நாளில் மொட்டு பருத்துவிடும், வந்து வெட்டிக்கொண்டு போகலாம்.

முதலில் துறைத்தலைவரைச் சந்தேகப்பட்டேன். பிறகு பக்கத்து அறைக்காரரை, பாவம். காவல்காரரே பேச்சுவாக்கில் சொன்னார்: "போன வாரம் ஞாயித்துக்கிழமை உங்க சார் வந்து ஏணி கேட்டாரும்மா. காத்து வாங்க ஏணி எதுக்குன்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

நீங்கள் லீவில் வீட்டுக்கு வந்திருந்த அன்று மதியம் தலைவலி என்று நான் படுத்திருந்தேன். காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனீர்கள். லீவே கொடுக்காத உங்கள் நாற்றுப்பண்ணைக் கம்பெனி, வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி லீவு தருகிறது என்றீர்கள். சந்தோஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. காவல்காரரிடம், நான்தான் உங்களை ஏறிப் பார்க்கச் சொன்னேன் என்று சமாளித்துவிட்டேன். இன்று காலை நீங்கள் தயார் செய்த குச்சிகளை எல்லாம் நானே வெட்டி, துறைக் கன்றுகளில் ஒட்டுக்கட்டி, பசுமைக்குடிலில் வைத்துப் பூட்டினேன். மொட்டுகள் நன்றாகத் திரண்டிருந்தன. உங்கள் கை நேர்த்தி எனக்குத் தெரியாதா?

இனி அந்த மரத்தில் உங்களுக்கு எடுக்க ஒன்றுமில்லை. வீட்டில் அத்தையும் நானும்தான் இருக்கிறோம். இதைப் படித்த பிறகும் வெள்ளிக்கிழமை வண்டி ஏறுங்கள்.

வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் ஜூனியர்