பாலில்லாத படையல்

பாசமுள்ள அக்காவுக்கு,

நேற்று உன் முதல் தெவசம் முடிந்தது. அது எப்படி நடந்தது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். வீட்டில் இப்போது நானும் உன் வீட்டுக்காரரும் மட்டும். மருந்து, மண்ணெண்ணெய், கதவைச் சாத்தியாயிற்றா என்பது போக எங்களுக்குள் பேச்சே இல்லை.

மாமா பென்னலூருக்குப் போய்விடப் போகிறார், அக்கா. அவருடைய தம்பி மகன் கூப்பிடுகிறானாம். "தெவசம் முடியட்டும், கெளம்பிடறேன்" என்று பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டார். போகாதீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால்தான் என்ன, நிற்பாரா?

படையலில் உனக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். மிஷன் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குச் சமைத்த காலத்தில் நீ கற்றுவந்த மக்ரோனிதான் அது. டப்பா வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றிக் கெட்டியாகக் காய்ச்சி, மக்ரோனியைப் புரட்டி, மிளகுத்தூள் தூவி, மேலே டின் சீஸைத் துருவிப் போட்டு, மூடிமேல் தணல் பரப்பிச் சுடுவாய். ஆனால் படைத்ததை நாங்கள்தானே சாப்பிட வேண்டும்? மாமாவுக்குப் பால், வெண்ணெய் எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. ஒரு வாய் மோர் குடித்தாலும் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்.

"பாலு ஊத்தியே செய் மச்சான். அவளுக்கு வெக்கறது அவ செஞ்ச மாதிரி இருக்கணும். எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றார்.

எனக்குப் பயம். நீ கைப்பட எழுதிவைத்த செய்முறைத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்து, வரிவரியாக மாற்றி எழுதினேன். வெண்ணெய்க்குக் கடலை எண்ணெய். பாலுக்குத் தேங்காய்ப்பால். சீஸுக்கு ஊறவைத்து அரைத்த முந்திரி, மேலே கொஞ்சம் ரஸ்க் தூள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னா வாத்தியாரே, படையலுக்குப் புழுவ வேக வெச்சிகினு கீறீங்க? அக்கா பயந்து ஓடிடப் போவுது!" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்தது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைத்துக் கற்பூரம் காட்டினேன். உனக்கு இது பிடித்ததா? பாலை மாற்றியதற்குக் கோபித்துக்கொண்டாயா?

பிறகு மாமா உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசாமல் இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். அதன் பிறகே நான் ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை, அக்கா! உன் தாளில் உப்பு என்ற வரியே கிடையாது. டப்பா வெண்ணெயிலும் சீஸிலுமே உனக்கு வேண்டிய உப்பு இருந்தது. அவற்றை எடுத்தால் உப்பும் போய்விடும் என்பது, இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் மாமா சொல்லல?"

"அவளே ஒண்ணும் சொல்லாம துன்னுட்டா. நான் இன்னாத்த சொல்றது?" என்றார். கை கழுவித் துடைத்தபடியே, "ஞாயித்துக்கெயம உப்பு போட்டு இன்னொரு தபா செய். துன்னுட்டு அப்பால கெளம்பறேன்" என்றார்.

பை இன்னும் கதவோரம்தான் இருக்கிறது.

உன் தாளின் அடியில் 'உப்பு' என்று என் கையெழுத்தில் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உப்பைச் சரியாகப் போடுவேன். ஆனால் மிளகைக் கொஞ்சம் குறைத்துவிடுவேன். அதற்கடுத்த ஞாயிறு ரஸ்க் தூளை மறப்பேன். உன் மக்ரோனியை அவருக்கு ஒருநாளும் முழுதாகச் சரியாகச் செய்துகொடுக்க மாட்டேன், அக்கா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
வரதன்