கக்கூஸ் மூடிக்கு மேல் மோதகம்

இஞ்சேருங்கோ,

பிரிட்ஜுக்குள்ள சோறும் பருப்பும் கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

பாலைவனப் பயணத்துக்கு எடுத்த, படுக்கை கக்கூஸ் எல்லாம் உள்ள வானுக்கு நேற்று 'த பேசின்' ஊர்ப் பிள்ளையார் கோயில்ல பூசை செய்துபோட்டு, ஐயர் தந்த மோதகத்தை அந்த வானின்ர கக்கூஸ் மூடிக்கு மேல வைச்சோ கொண்டுவந்தனீங்கள்? மகள் இப்பத்தான் சொன்னவள். எனக்கு ஓங்காளமா வருது.

உளுருப் பாறைக்குப் போற வழியில நீங்கள் வரைபடத்தில சிவப்பு வட்டம் போட்ட பதினொரு இடத்தையும் சுத்திப் பார்க்கப் போறம் எண்டு சனத்துக்கெல்லாம் புழுகிக்கொண்டு திரிஞ்சன். பார்த்தால், அதெல்லாம் கக்கூஸ் பெட்டியைக் கொண்டுபோய் ஊத்திற இடங்களாம். சீ!

நான் பிளேனில வாறன். நீங்கள் ஊத்தி ஊத்தி வந்து சேருங்கோ.

வத்சலா

பி.கு.: வானைப் பூட்டித் திறக்கிற திறப்பு குசினி மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. மகள் சொல்ல முதலே நான் மூண்டு மோதகம் திண்டிட்டன்.