நாலாம் கூண்டு

சந்தாபுரா,
ஞாயிறு மாலை.

அன்புள்ள காந்தா அக்காவுக்கு,

கிருத்திகா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதைக் கொண்டுவரும் கோமளம் என் அறையில் தங்கியிருப்பவள். நாளைக் காலை கிருஷ்ணகிரி பஸ் ஏறுகிறாள். அவளுக்குக் காபி கொடு. அவள் போன பிறகு தனியாக உட்கார்ந்து படி.

போனில் சொல்லியிருக்கலாம். நேற்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் சரவணன் மாமாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். எங்க வீட்டு டாக்டரம்மா பேசுது, எல்லாரும் வாங்க என்றார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்கு வாய் வரவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

போன வாரம் நீ சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. ஆஸ்பத்திரியில் அனுஷாவுக்கு மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பியதும், தாளில் எழுதிய மணி வரைக்கும் காத்திருக்காமல், மீட்பு மாத்திரையை ஒரு நாள் முன்பே தொடங்கிவிடுகிறேன் என்றாய். மூன்று தடவையும் அப்படித்தான் என்றாய். வாயில் ஒரு புண் இல்லை, என் பெண் நாலு இட்லி சாப்பிடுகிறாள், டாக்டரே மெச்சினார், எல்லாம் உன் யோசனைதான் கிருத்தி என்றாய்.

என் யோசனைதான். ஆய்வுக்கூட வேலையில் சேர்ந்த புதிதில் பெருமையில் உளறினேன். மீட்பு மருந்து போட்டால் சுருண்டு கிடக்கும் எலிகூட எழுந்து மீசையைத் துடைக்கும் என்றேன். எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டில் முதல் டிகிரிக்காரி என்று நீயும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது சொல்கிறேன். அவளுடைய இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றுகிற மெத்தோட்ரெக்சேட் பட்டினி போட்டுக் கொல்கிற மருந்து. வேகமாகப் பெருகும் அணுக்களுக்கு ஃபோலேட் என்ற சத்து உதவாமல் செய்துவிடும். கெட்ட இரத்த அணுக்கள் சாகும். கூடவே வாயும் குடலும் வாடும். மீட்பு மாத்திரை அந்தச் சத்தின் இன்னொரு வடிவம். சோறு என்று வைத்துக்கொள். சோறு ஆள் பார்க்காது. சீக்கிரமே இலை போட்டால் பந்தியில் நோயும் உட்கார்ந்துவிடும். ரொம்பப் பிந்தினால் பிள்ளையே தாங்காது. அதற்குத்தான் தாளில் மணி எழுதுகிறார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளுக்கு இரத்தப் புற்றுநோயைக் கொடுத்துத்தான் மருந்தைச் சோதிப்பார்கள். நாலாம் கூண்டு என் பொறுப்பு. மருந்து ஏறியதும் அவை முதுகைக் கூனிக்கொண்டு நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், இருபத்துநாலு மணி நேரம் கழித்துப் போட வேண்டிய மீட்பு ஊசியை ஆறு மணி நேரத்திலேயே போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கூண்டுதான் பளபளவென்று இருந்தது. எடை ஏறியது. எங்கள் மேலதிகாரி ஷ்ரேயாஸ் சார், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினார். பதினாறாம் நாள் ஒன்று தீனியைத் தொடவில்லை. வயிற்றில் விரல் வைத்தால் மண்ணீரல் கல் மாதிரி தட்டுப்பட்டது, நோய் முற்றிவிட்டதற்கு அதுதான் அடையாளம். மற்றவையும் ஒவ்வொன்றாக அப்படியே ஆயின. பக்கத்துக் கூண்டில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவை இப்போதும் ஓடுகின்றன. நான் ஒப்புக்கொண்டபோது சார் திட்டவில்லை. எலிக்கெல்லாம் அம்மா ஆயிட்டியாம்மா என்று மட்டும் கேட்டார். முந்தாநாள் அந்தக் கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அனுஷா எலி இல்லை. அவள் உடம்பில் என்ன ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் டாக்டர். மருந்து புண்கூட ஆக்காமல் வேலை செய்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை அடுத்த மருந்து வரைக்கும் காத்திருக்காதே, படித்த உடனே கிளம்பு. மூன்று தடவையும் கொடுத்த நாளையும் மணியையும் எழுதிக் கொடு. பயந்துபோய் இந்த முறை மாத்திரையை நிறுத்தவோ பிந்திக் கொடுக்கவோ வேண்டாம், அவர் சொல்லும் மணிக்குக் கொடு. யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல். மாமாவிடமும் சொல். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு நானே வருகிறேன், திட்டுவதை நேரில் திட்டட்டும்.

நேற்று மாமா சிரித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து நீ யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு நாளாக அனுஷா ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறாள், வெயில்தான் போல என்றாய்.

வெயிலாகவே இருக்கட்டும் அக்கா.

உன் தங்கை,
கிருத்திகா