விசிலுக்குப் பிறகு ஓர் அடி

2025 ஜனவரி 8, புதன்

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கிழக்கு வயலுக்குப் பாய்ச்சியாகிவிட்டது. டீக்கடையில் என் கூட்டாளி சென்னிமலை மறுபடி என் பெருமை பேச ஆரம்பித்துவிட்டான். அந்தக் காலத்தில் சிலம்பத்தில் என்னை எதிர்த்து நின்றவன் எங்கள் ஊர் எலப்புள்ளியில் உண்டா, இப்போது இறங்கினாலும் இந்தப் பிள்ளைகள் தாங்குவார்களா என்று. அது போட்டி நடத்துகிறவர்கள் காதில் விழுந்து, ஞாயிற்றுக்கிழமை கஞ்சிக்கோட்டில் எனக்கும் செல்வப்பிரியாவுக்கும் ஒரு காட்சி ஆட்டம் வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்குப் போகிற பெண். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஜனவரி 11

"வயசு அம்பத்தஞ்சாச்சுங்க," என்றாள் என் மனைவி மருதாத்தாள். காதில் விழாத மாதிரி கம்புக்கு எண்ணெய் தடவினேன்.

ஜனவரி 12

எழுதக் கை ஓடவில்லை.

ஜனவரி 13

எழுதித்தான் ஆகவேண்டும்.

விசில் ஊதியதும் நான் குனிந்து மண்ணைத் தொட்டு வணங்கினேன். எங்கள் காலத்தில் வணங்கி நிமிரும்வரை எதிராளி கம்பைத் தூக்கமாட்டான். இங்கே வணக்கமெல்லாம் விசிலுக்கு முன்னாலேயே முடிந்துவிடுமாம். நிமிர்வதற்குள் தோளில் அவள் கம்பு பட்டது. புள்ளி. சரி என்று என் பழைய வித்தையை எடுத்தேன் — பின்வாங்கி, ஆளை உள்ளே இழுத்து அடிப்பது. பின்வாங்கியதும் வட்டத்தைத் தாண்டிவிட்டேன் என்று கொடி தூக்கினார்கள். அதற்கும் புள்ளி அவளுக்கே. மறுபடி. மறுபடி. பிள்ளைகள் சிரித்தார்கள். ஏழுக்குப் பூஜ்யம்.

நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார். அவள் கம்பைத் தாழ்த்திவிட்டு என்னை வணங்க வந்தாள். நான் அடித்தேன். முழு வீச்சில், மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

தங்கதுரை, உன்னையேதான் கேக்கறேன், ஏன்டா அடிச்சே? என்ன மனுசன்டா நீ?

ஜனவரி 16

செல்வப்பிரியா வீட்டுக்குப் போனேன். கையில் மாவுக்கட்டு. மாநிலப் போட்டி போயிற்று. அவள் அம்மா சரஸ்வதியம்மாள் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மாமா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கை தவறிருச்சுங்களா, வேணும்னே அடிச்சீங்களா?"

"தவறிருச்சு கண்ணு."

தெருமுனைவரை வந்து, திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நின்றேன். வீட்டுக்குத்தான் வந்தேன். வெட்கங்கெட்டவன்.

ஜனவரி 22

டீக்கடையில் கதை வேறாகிவிட்டது. அந்த ஏழு புள்ளி யாருக்கும் நினைவில்லை. ஒரே அடியில் தங்கதுரை ஆட்டத்தை முடித்துவிட்டாராம். பழைய கை பழைய கைதான் என்கிறான் சென்னிமலை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3

மாரியம்மன் கோயில் விழாவில் எனக்குப் பொன்னாடை போடப் போகிறார்களாம். மருதாத்தாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "போட்டுக்குவீங்களா?"

பிப்ரவரி 9, ஞாயிறு

பொன்னாடையைப் போர்த்தினார்கள். மைக்கை வாங்கினேன்.

"கை தவறலீங்க. தோத்துப்போன கோவத்துல, ஆட்டம் முடிஞ்சப்புறம் அந்தப் புள்ளைய அடிச்சனுங்க. செயிச்சது அவதானுங்க."

சென்னிமலை எழுந்து, தோற்ற பிள்ளையையும் ஜெயிக்க வைத்துப் பேசுகிற மனசு வேறு யாருக்கு வரும் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். இல்லை, இல்லை என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

முன்வரிசையில் மாவுக்கட்டுக் கையோடு செல்வப்பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் தட்டவில்லை. தட்டக் கை ஏது?